கடலுக்கடியில் நின்று ஏறும் கணக்கு

ஆழத்தில் முக்குளித்துவிட்டுத் திரும்புபவர் நீர்மட்டத்துக்குச் சில மீட்டர் கீழேயே நின்றுவிடுகிறார். நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி மூன்று நிமிடமோ ஐந்து நிமிடமோ அங்கே காத்திருக்கிறார். வெகு ஆழம் போயிருந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேலும் காத்திருக்க வேண்டும். தலைக்கு மேலே வெளிச்சமும் படகின் அடிப்பாகமும் தெரிந்தாலும் ஏறுவதில்லை. இந்தக் காத்திருப்பைத்தான் டிகம்ப்ரஷன் நிறுத்தம் என்கிறார்கள். எந்த ஆழத்தில் எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்பதை இன்று மணிக்கட்டில் கட்டிய சிறு கணினி சொல்லிவிடுகிறது. அது சொல்லும் உறுதியைப் பார்த்தால், கடலே வகுத்துவைத்த விதியை அது படித்துக் காட்டுகிறது என்றே தோன்றும். கடல் அப்படி எதையும் வகுக்கவில்லை. அந்த எண்கள் யாவும் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் முடமானவர்களையும் இறந்தவர்களையும் யாரோ உட்கார்ந்து எண்ணியதால் கிடைத்தவை. எங்கே எண்ணினார்களோ அங்கே நிறுத்தங்கள் பாதுகாப்பாயின. எண்ணாத இடங்களில் நல்ல கோட்பாடும் நீண்ட அனுபவமும் இருந்தும் உடல்கள் நொறுங்கின. இந்த வரலாற்றை அறியாமல் நிறுத்தங்களைத் திட்டமிடுபவர், அந்த எண்களுக்கு அவற்றின் தகுதிக்கு மீறிய நம்பிக்கையைக் கொடுத்துவிடுவார்.

முதலில் உடலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது; 30 மீட்டரில் தரையில் இருப்பதைப்போல நான்கு மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும், கொழுப்பிலும், தசையிலும், மூட்டுகளிலும் கரைந்து சேர்கிறது. ஏறும்போது அது வந்த வழியே ரத்தத்துக்கும் நுரையீரலுக்கும் திரும்பி வெளியேற வேண்டும். அவகாசம் தராமல் ஏறிவிட்டால் கரைந்த வாயு இருந்த இடத்திலேயே குமிழியாகிறது. மூட்டில் குமிழி வந்தால் தாங்க முடியாத வலி; தண்டுவடத்தில் வந்தால் கால் விளங்காமல் போகலாம், உயிரும் போகலாம். இதை விளக்க, சோடா பாட்டிலைத் திறந்ததும் நுரை பொங்குவதை உதாரணம் காட்டுவது வழக்கம். அந்த உதாரணத்தில் முக்கியமான ஒன்று விடுபட்டுப்போகிறது. சோடா திறந்த நொடியே பொங்கும். உடலோ மிகையான வாயுவை ஓரளவு வரை தாங்கிக்கொள்ளும். எவ்வளவு வரை, எந்தத் திசு, எத்தனை நேரம் என்பதே கேள்வி. இயற்பியல் சூத்திரம் மட்டும் இதற்கு விடை தராது. உடல்களில் சோதித்து, பாதிப்பை எண்ணித்தான் அறிய வேண்டும்.

இந்த நோயை உலகுக்கு முதலில் காட்டியவர்கள் கடலில் இறங்கியவர்கள் அல்லர். சுரங்கத்திலும் பாலத்தின் அடித்தளத்திலும் வேலை பார்த்த கூலித் தொழிலாளர்கள். பிரான்ஸின் லுவார் ஆற்றங்கரையில் நிலக்கரிச் சுரங்கம் தோண்டிய ழாக் த்ரிழே, தண்ணீர் உள்ளே வராமலிருக்க இரும்புக் குழாய்க்குள் அழுத்தக் காற்றை அடைத்து ஆட்களை இறக்கினார். வெளியே வந்த தொழிலாளர்களுக்கு மூட்டுவலி கண்டதை 1841இல் பதிவும் செய்தார். 1854இல் போல், வாத்தெல் என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள், ஆபத்து உள்ளே இருக்கும்போது வருவதில்லை, வெளியேறும்போதுதான் வருகிறது என்று கண்டு சொன்னார்கள். பாதிக்கப்பட்டவரை மறுபடி அழுத்தத்துக்குள் கொண்டுபோனால் வலி குறைகிறது என்பதையும் கவனித்தார்கள். ஆக, நோயின் சாவி அப்போதே கையில் கிடைத்துவிட்டது. ஆனால் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றின்மேல் ஜேம்ஸ் ஈட்ஸ் பாலம் கட்டியபோது அந்த அறிவு தொழிலாளர்களைக் காப்பாற்றவில்லை. 1870இல் கிழக்குத் தூணின் கைசன், அதாவது அழுத்தக் காற்று நிரப்பிய அடித்தள அறை, ஏறத்தாழ 29 மீட்டர் ஆழத்தை நெருங்கியது. படியேறி வந்தவர்கள் சுருண்டு விழுந்தார்கள்; அந்தப் பாலத்தில் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். துத்தநாகமும் வெள்ளியும் கோத்த பட்டைகளை மணிக்கட்டிலும் கணுக்காலிலும் இடுப்பிலும் கட்டிக்கொண்டால் நோய் அண்டாது என்று நம்பி, மேலாளர்களே அவற்றைத் தொழிலாளர்களுக்கு வாங்கிக் கொடுத்தார்கள். அங்கே மருத்துவராக இருந்த அல்ஃபோன்ஸ் ஜாமினே தாமே கீழே போய் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் இருந்துவிட்டு, சில நிமிடங்களில் வெளியே வந்தார்; கைகால் விளங்காமல் படுத்துவிட்டுத்தான் தேறினார். அவர் கண்ட வழி, வேலை நேரத்தை வெட்டுவது. அது பலன் தந்தது. ஆனால் வெளியேறும் வேகம்தான் முதன்மைக் காரணம் என்பது அவருக்குப் பிடிபடவில்லை.

நியூயார்க்கில் புரூக்ளின் பாலத்தின் மருத்துவர் ஆண்ட்ரூ ஸ்மித் இன்னும் ஓரடி முன்னே சென்றார். 1872இல் தம்மிடம் சிகிச்சைக்கு வந்த 110 பேரைப் பற்றிக் குறிப்பெடுத்தார். அழுத்தத்திலிருந்து வெளியேறும் நேரத்தை நீட்டிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். பாலத்தின் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் தாமே இந்த நோயால் நொடிந்துபோனார். மன்ஹாட்டன் பக்கத் தூணை அடிப்பாறை வரை கொண்டுபோகாமல், ஏறத்தாழ 24 மீட்டர் ஆழத்தில் மணற்படுகையிலேயே நிறுத்த அவர் முடிவெடுத்ததற்குப் பெருகிய சாவுகளும் ஒரு காரணம். 1878இல் பாரிஸின் போல் பெர், நைட்ரஜன் குமிழிகளே நோய்க்குக் காரணம் என்று விலங்குச் சோதனைகளால் நிறுவினார். மெதுவாக வெளியேறுங்கள், ஆக்சிஜன் கொடுங்கள் என்றும் எழுதினார். காரணம் தெரிந்துவிட்டது, மருந்தும் தெரிந்துவிட்டது. ஆனாலும் பயன்படுத்தத்தக்க ஓர் அட்டவணை வர மேலும் முப்பது ஆண்டுகள் பிடித்தன. 'மெதுவாக' என்றால் எவ்வளவு மெதுவாக என்று எவரும் சோதித்து எண்ணிச் சொல்லவில்லை என்பதே காரணம். அந்த முப்பது ஆண்டுகளின் விலையைக் கிரேக்கத் தீவுகள் கொடுத்தன. 1860களில் சைமி, கலிம்னோஸ் தீவுகளுக்குச் செம்புத் தலைக்கவசம் வந்தது. கடற்பஞ்சு எடுக்க முன்பைவிட ஆழத்திலும் முன்பைவிட நீண்ட நேரமும் நிற்க முடிந்தது. ஊர் ஊராக இளைஞர்கள் முடமாகித் திரும்பினார்கள். கலிம்னோஸில் இன்றும் ஆடும் ஒரு நடனத்தில் முன்னே ஆடுபவர் கைத்தடியை ஊன்றி, நடுங்கும் கால்களோடு வரிசையைப் பிடிக்கத் தடுமாறுவார். முடமான கடற்பஞ்சுக் குளிப்பாளியின் உருவம் அது. துயரத்தை நடனம் நினைவில் வைத்தது. நிறுத்தத்தின் நேரத்தை அதனால் சொல்ல முடியவில்லை.

எண்ணும் வேலை முறையாகத் தொடங்கியது 1905இல். பிரிட்டிஷ் கடற்படை, ஆழ்முக்குளிப்பை ஆராயக் குழு அமைத்து ஜான் ஸ்காட் ஹால்டேனிடம் பொறுப்பைக் கொடுத்தது. அவரோடு ஆர்தர் பாய்காட் என்ற மருத்துவரும், கைபன் டாமன்ட் என்ற கடற்படை அதிகாரியும் சேர்ந்தார்கள். லண்டன் லிஸ்டர் நிறுவனத்தின் அழுத்த அறையில் எண்பதுக்கும் மேற்பட்ட ஆடுகளை வைத்துச் சோதித்தார்கள். ஆட்டின் உடலளவு மனிதனுக்கு ஓரளவு நெருக்கமானது. அதைவிட முக்கியம், வலி வந்தால் ஆடு முன்னங்காலை மடித்துத் தூக்கிக்கொள்ளும், ஆகவே பாதிப்பைக் கண்ணால் பார்த்து எண்ணலாம். இரண்டு வளிமண்டல அழுத்தத்திலிருந்து ஒன்றுக்கு, அதாவது 10 மீட்டர் ஆழத்திலிருந்து நேரே மேலே, எவ்வளவு நேரம் இருந்துவிட்டு வந்தாலும் யாருக்கும் நோய் வரவில்லை என்பது அவர்களுக்கு முதல் பிடிமானம். அப்படியானால் நான்கிலிருந்து இரண்டுக்கும், ஆறிலிருந்து மூன்றுக்கும் வேகமாக வரலாமே என்று ஹால்டேன் யோசித்தார். பாதி அழுத்தம் வரை விரைவாக ஏற்றிவிட்டு, அதன்பின் 10 அடிக்கு ஒருமுறை நிறுத்துவது என்ற முறை இப்படிப் பிறந்தது. உடலில் எல்லாத் திசுவும் ஒரே வேகத்தில் வாயுவை ஏற்பதில்லை என்பதால், 5, 10, 20, 40, 75 நிமிடங்களில் பாதி நிரம்பும் ஐந்து வகைத் திசுக்களைக் கற்பித்து அவர் கணக்கிட்டார். அவை உடலைத் திறந்து பார்த்தால் கிடைக்கும் ஐந்து உறுப்புகள் அல்ல, கணக்குக்கு உதவும் ஐந்து கருதுகோள்கள். 1906 ஆகஸ்டில் ஸ்காட்லாந்துக் கடலில் டாமன்டும், கேட்டோ என்ற கடற்படைப் பீரங்கி அதிகாரியும் 210 அடி, ஏறத்தாழ 64 மீட்டர் வரை இறங்கி நலமாகத் திரும்பினார்கள். முடிவுகள் 1908இல் ஆய்விதழில் வெளியாயின.

அப்போதே இதற்கு வலுவான எதிர்ப்பு இருந்தது. லெனார்டு ஹில் என்ற உடலியல் அறிஞர், ஆழத்திலிருந்து சீரான மெதுவான வேகத்தில் ஏறுவதே பாதுகாப்பு என்றார். கேட்டவுடன் மனம் ஒப்புக்கொள்ளும் யோசனை அது. ஹால்டேன் குழு இரண்டு முறைகளையும் ஆடுகளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. நிறுத்தி நிறுத்தி ஏற்றிய ஆடுகளே குறைவாகப் பாதிக்கப்பட்டன. ஆழத்தில் மெதுவாக ஏறும் ஒவ்வொரு நிமிடமும், இன்னும் நிரம்பாத திசுக்கள் வாயுவை வாங்கிக்கொண்டேயிருக்கின்றன என்பது அதற்கான விளக்கம். இந்த விளக்கத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நூறு ஆண்டு கழித்து இதே கேள்வி வேறு வேடத்தில் திரும்பி வந்தது. அட்டவணையின் பெரிய சோதனை 1917இல் வந்தது. அயர்லாந்தின் வடகரையில் கண்ணிவெடியில் சிக்கி மூழ்கிய லாரன்டிக் கப்பலில் 3,211 தங்கக் கட்டிகள் இருந்தன. ஆழம் ஏறத்தாழ 40 மீட்டர். டாமன்ட் தலைமையில் 1924 வரை நடந்த பணியில் 3,186 கட்டிகளை எடுத்தார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட முறை ஆட்கள் இறங்கினார்கள். ஓர் உயிரும் போகவில்லை. கலிம்னோஸின் தலைமுறையையும் லாரன்டிக்கின் குழுவையும் பிரித்தது துணிவோ உடல்வலிமையோ அல்ல. இருவரும் அணிந்தது ஏறத்தாழ ஒரே செம்புக் கவசம். ஒருவர் கையில் எண்ணிப் பார்த்த அட்டவணை இருந்தது. மற்றவர் கையில் இல்லை.

ஆனால் ஹால்டேன் எண்ணியதிலும் ஓட்டைகள் இருந்தன. அவர் அட்டவணை இரண்டு பகுதிகளாக வந்தது: குறுகிய நேர முக்குளிப்புக்கு ஒன்று, ஏதோ காரணத்தால் கீழேயே அதிக நேரம் தங்கிவிட்டவர்களுக்கு மற்றொன்று. காலப்போக்கில், முதல் பகுதி தேவைக்கு மேல் எச்சரிக்கையானது, இரண்டாவது போதிய பாதுகாப்பு இல்லாதது என்று தெரியவந்தது. எல்லாத் திசுவுக்கும் ஒரே விகிதம் என்ற அனுமானம் பொருந்தவில்லை. 1935இல் அமெரிக்கக் கடற்படையின் ஹாக்கின்ஸ், ஷில்லிங், ஹேன்சன் ஆகியோர் 2,143 முக்குளிப்புகளின் பதிவுகளை அலசி, வேகமாக நிரம்பும் திசுக்கள் ஹால்டேன் நினைத்ததைவிட மிக அதிகமான மிகையழுத்தத்தைத் தாங்குகின்றன, மெதுவாக நிரம்புபவையே ஆபத்தானவை என்று காட்டினார்கள். 1965இல் ராபர்ட் வொர்க்மன் ஒவ்வொரு திசுவகைக்கும் ஒவ்வோர் ஆழத்துக்கும் தனித்தனி வரம்பு வகுத்தார். சூரிச்சின் ஆல்பர்ட் பூல்மன் மலையேரிகளில் முக்குளிப்போரையும் கணக்கில் சேர்த்து, பதினாறு திசுவகைகள் கொண்ட முறையை வளர்த்து 1983இல் நூலாக்கினார். இன்றைய மணிக்கட்டுக் கணினிகளில் பலவற்றின் அடித்தளம் அதுதான். இத்தனை நுணுக்கத்துக்கு நடுவே ஓர் எண் எப்படி வந்தது என்பது கவனிக்கத்தக்கது. நிமிடத்துக்கு 60 அடி என்ற ஏறும் வேகம் பல பத்தாண்டுகள் உலகம் முழுக்கக் கற்பிக்கப்பட்டது. 1950களில் அமெரிக்கக் கடற்படையின் தவளைப்படையினர் நிமிடத்துக்கு 100 அடியாவது வேண்டும் என்றார்கள். கனமான உடையோடு கயிற்றில் ஏற்றப்படுபவர்களுக்கோ 25 அடியே அதிகம். இரண்டுக்கும் நடுவே பேசி முடித்ததுதான் 60. அளந்து கண்ட எண்ணுக்கும் பேசி முடித்த எண்ணுக்கும் அச்சில் வேறுபாடு தெரியாது. பின்னாளில் அந்தக் கடற்படையே வேகத்தைப் பாதியாக, 30 அடியாகக் குறைத்துக்கொண்டது.

பாதிப்பு என்றால் வலியும் முடமும் மட்டுமே என்ற வரையறையும் மாற வேண்டியிருந்தது. 1970களில் மெரில் ஸ்பென்சர் போன்றவர்கள் டாப்ளர் ஒலிக் கருவியை முக்குளித்து வந்தவர்களின் மார்பில் வைத்துக் கேட்டார்கள். எந்த வலியும் இல்லாதவர்கள், அட்டவணையை வரிக்கு வரி பின்பற்றியவர்கள், அவர்களின் ரத்தத்திலும் குமிழிகள் ஓடும் ஓசை கேட்டது. எண்ணுவதற்குப் புதிய ஒன்று கிடைத்தது. அதே காலத்தில் கலிஃபோர்னியாவில் ஆண்ட்ரூ பில்மானிஸ், 100 அடியில் 25 நிமிடம் இருந்துவிட்டு, அன்றைய விதிப்படி நிறுத்தமே தேவையில்லை என்று நேரே ஏறி வந்தவர்களிடம் குமிழிகளைக் கேட்டார். பிறகு அவர்களையே 10 அடியில் இரண்டே நிமிடம் நிற்கவைத்தார். குமிழிகள் பெருமளவு குறைந்தன. கட்டாயம் இல்லாத முக்குளிப்பிலும் 5 மீட்டரில் மூன்று முதல் ஐந்து நிமிடம் நிற்கும் பழக்கம் இத்தகைய சான்றுகளால் பரவியது. 1989இல் உட்ஸ் ஹோலில் கூடிய அறிவியல் முக்குளிப்போர் அதைப் பரிந்துரையாக்கினார்கள். குமிழி இருந்தாலே நோய் என்று ஆகாது என்பது உண்மை. ஆனால் குமிழி மிகக் குறைவாக இருந்தவர்களுக்கு நோய் அரிதாகவே வந்தது. இவ்வளவு சிறிய செலவில் இவ்வளவு பாதுகாப்பைத் தந்த மாற்றம் இந்த வரலாற்றில் வேறில்லை.

எண்ணிக்கையின்மேல் இவ்வளவு பாரம் ஏற்றுவது சரியா, கடலோடு வாழ்ந்தவர்களின் அனுபவம் சான்றாகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆஸ்திரேலியாவின் டாரஸ் நீரிணையில் முத்துச்சிப்பி எடுத்தவர்கள் எந்தக் கடற்படை அட்டவணையும் இல்லாமல் தங்களுக்கென்று ஒரு முறையை வைத்திருந்தார்கள். கடற்படை அட்டவணையைவிட ஆழத்திலேயே முதல் நிறுத்தம். மொத்த நேரமோ குறைவு. 1965இல் லெமெசூரியரும் பிரையன் ஹில்ஸும் இதைப் பதிவுசெய்து, ஆழத்தில் நின்றால் குமிழி தொடக்கத்திலேயே தடுக்கப்படுகிறது என்று வாதிட்டார்கள். பின்னர் ஹவாயின் டேவிட் யவுன்ட் குமிழிகளின் பிறப்பை வைத்தே ஒரு கணித முறையை உருவாக்கினார். அதுவும் ஆழ்ந்த நிறுத்தத்தையே சொன்னது. மீனியல் அறிஞர் ரிச்சர்ட் பைல், பிடித்த மீன்களின் காற்றுப்பையைத் துளையிட ஆழத்திலேயே நின்ற நாட்களில் தமக்குக் களைப்பு குறைவதாக எழுதினார். அனுபவமும் கணிதமும் ஒரே திசையைக் காட்டியதால், 1990களிலிருந்து ஆழ்முக்குளிப்போர் பலர் ஆழ்ந்த நிறுத்தங்களுக்கு மாறினார்கள். ஆனால் முத்துக்குளிப்போரின் அனுபவத்தில் யார் பேசுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் மற்றொரு முத்துக்குளிப்பு ஊரான புரூமின் ஜப்பானியக் கல்லறையில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் கிடக்கிறார்கள். புயலோடு இந்த நோயும் அவர்களில் பலரைக் கொண்டுபோனது. தப்பியவர்களின் பழக்கம் நமக்கு வந்து சேர்ந்தது. அதே பழக்கத்தோடு இறங்கி இறந்தவர்கள் எத்தனை பேர் என்பது அந்த அனுபவத்துக்குள் இல்லை.

எண்ணிப் பார்க்கும் வேலையை அமெரிக்கக் கடற்படையின் சோதனை முக்குளிப்புப் பிரிவு செய்தது. டேவிட் டூலெட், வெய்ன் கெர்த் உள்ளிட்டோர் எழுதிய அறிக்கை 2011இல் வெளிவந்தது. 170 அடி, ஏறத்தாழ 52 மீட்டர் ஆழம். காற்றைச் சுவாசித்தபடி 30 நிமிடம். நிறுத்தங்களின் மொத்த நேரம் இரு குழுக்களுக்கும் 174 நிமிடம். ஒரே வேறுபாடு, அந்த நேரத்தை எங்கே செலவிடுவது என்பது. ஒரு குழு முதல் நிறுத்தத்தை 70 அடியில் வைத்தது, மற்றது 40 அடியில். ஆழத்தில் நின்ற 198 முக்குளிப்புகளில் 11 பேருக்கு நோய் வந்தது. மேலே நின்ற 192இல் மூவருக்கு. சோதனையை அத்தோடு நிறுத்திவிட்டார்கள். ஹில்லுக்கு எதிராக ஆடுகள் சொன்ன அதே பதிலை மனித உடல்கள் திரும்பச் சொல்லின: ஆழத்தில் நிற்கும்போது மெதுவாக நிரம்பும் திசுக்கள் இன்னும் வாயுவைச் சேர்க்கின்றன, அந்தக் கடனை மேலே வந்து அடைக்க நேரம் போதவில்லை. இதற்கு மறுப்பும் உண்டு. அந்தச் சோதனையில் ஆட்கள் குளிர்ந்த நீரில் வேலை செய்தார்கள். வெறும் காற்றைச் சுவாசித்தார்கள். ஹீலியம் கலவையும் ஆக்சிஜனும் பயன்படுத்தும் இன்றைய ஆழ்முக்குளிப்புக்கு அது அப்படியே பொருந்தாது என்கிறார்கள். பொருந்தாமல் இருக்கலாம். ஆனால் அப்படியானால் பொருந்தும் சூழலில் ஆழ்ந்த நிறுத்தமே மேல் என்று காட்டும் எண்ணிக்கையை அவர்கள் தர வேண்டும். நல்ல கணிதம் எந்தப் பக்கம் இருந்தாலும், நிறுத்தத்தை மாற்றச் சொல்பவர்தான் சான்று காட்டக் கடமைப்பட்டவர். 2011க்குப் பிறகு பலரும் தங்கள் கணினிகளில் முதல் நிறுத்தத்தை மேலே நகர்த்திக்கொண்டது நேர்மையான செயல்.

இன்னொரு மறுப்பு, இன்றைய கணினிகள் ஒவ்வொரு நொடியும் ஆழத்தையும் நேரத்தையும் அளந்து கணக்கிடும்போது பழைய அட்டவணைகளின் குறைகள் இப்போது எதற்கு என்பது. கணினி துல்லியமாக அளப்பது ஆழத்தையும் நேரத்தையும்தான். உடலை அது பெரும்பாலும் அளப்பதில்லை. இதற்கு மிகத் தெளிவான சான்று 2007இல் அதே கடற்படைப் பிரிவு வெளியிட்ட சோதனை. 120 அடி ஆழம். மேலேற 87 நிமிட நிறுத்தங்கள். எல்லாருக்கும் ஒரே அட்டவணை. நீரின் வெப்பநிலையை மட்டும் மாற்றினார்கள். கீழே 36 டிகிரி வெதுவெதுப்பிலும் நிறுத்தங்களில் 27 டிகிரிக் குளிரிலும் இருந்தவர்கள், அடியில் 30 நிமிடமே இருந்தும் 32 முக்குளிப்புகளில் 7 பேர் நோயுற்றார்கள். தலைகீழாக, கீழே குளிரிலும் நிறுத்தங்களில் வெதுவெதுப்பிலும் இருந்தவர்கள், 70 நிமிடம் தங்கியும் 158 முக்குளிப்புகளில் இருவருக்கே நோய் வந்தது. வெதுவெதுப்பில் ரத்தம் தாராளமாக ஓடி வாயுவைச் சுமக்கிறது. கீழே அது ஏற்றுகிறது, மேலே இறக்குகிறது. ஆகவே மேலேறும் நேரத்தில் நடுங்கிக்கொண்டு நிற்பவருக்குக் கணினித் திரையில் தெரியும் நிமிடங்கள் போதாமல் போகலாம். இதோடு, நான்கில் ஒருவருக்கு இதயத்தின் இரு மேலறைகளுக்கு இடையே பிறவியிலிருந்தே மூடாத சிறு வழி இருக்கிறது. நுரையீரல் வடிகட்டியிருக்க வேண்டிய குமிழிகள் அந்த வழியே மூளைக்கும் தண்டுவடத்துக்கும் போகக்கூடும். அதைப் பற்றி மணிக்கட்டுக் கணினிக்கு எதுவும் தெரியாது.

பால் வெதர்ஸ்பியும் அவர் குழுவும் 1984இல் முன்வைத்த பார்வைதான் இந்தச் சான்றுகளையெல்லாம் ஒரே இடத்தில் சேர்க்கிறது என்பது என் கருத்து. பாதுகாப்பு, ஆபத்து என்று இரண்டாகப் பிரிக்கும் கோடு ஒன்று இருப்பதாக அதுவரை எண்ணினார்கள். அவர்களோ, ஒவ்வொரு முக்குளிப்புக்கும் நோய் வரும் வாய்ப்பு இத்தனை என்று கணக்கிட்டார்கள். அட்டவணை எழுதுபவர் எவ்வளவு ஆபத்தை ஏற்கிறார் என்பதை மறைக்க முடியாத நிலை அப்போது வந்தது. அப்படிப் பார்த்தால் நிறுத்தத் திட்டமிடலே மாறுகிறது. வரம்பின் விளிம்பு வரை போய்விட்டு வரம்பை மீறவில்லை என்று ஆறுதல் கொள்வதற்கு இடமில்லை. திட்டம் போடும்போதே அடியில் இருக்கும் நேரத்தைச் சுருக்கலாம். கடைசி நிறுத்தத்தைச் சில நிமிடம் நீட்டலாம். அந்த நிறுத்தங்களை முடிக்கத் தேவையான காற்றை முதலில் ஒதுக்கிவிட்டு மிச்சத்தை அடியில் செலவிடலாம். மேலேறும்போது உடலை வெதுவெதுப்பாக வைத்துக்கொண்டு, ஏறியதும் கடும் வேலையைத் தவிர்க்கலாம். இவ்வளவு எச்சரிக்கை காட்டினால் குளிரிலும் காற்றுத் தீரும் பயத்திலும் வேறு ஆபத்து வராதா என்று கேட்பவர்களுக்குப் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது: கூடுதல் பாதுகாப்பை நிறுத்தங்களை நீட்டுவதால் மட்டுமல்ல, கீழே இருக்கும் நேரத்தைக் குறைப்பதாலும் வாங்கலாம். ஜாமினே தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்த அந்த வழி இன்றும் மிக மலிவானது.

அந்த மலிவான வழியும் பிழைப்புக்காக முக்குளிப்பவருக்கு எட்டுவதில்லை. ஹோண்டுராஸின் மிஸ்கிட்டோ மக்கள் கல்லிறாலுக்காக ஒரே நாளில் சிலிண்டர் மாற்றிச் சிலிண்டர் கட்டி இறங்கினார்கள். பயிற்சியும் இல்லை, நிறுத்தமும் இல்லை, எண்ணுவாரும் இல்லை. முடமானவர்களும் இறந்தோரின் குடும்பங்களும் வழக்காடியபின், 2021இல் அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்றத்தின் தீர்ப்பில் 42 முக்குளிப்போரின் துயரம் அரசின் பொறுப்பாகப் பதிவானது. மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் குளித்தவர்கள் பல தலைமுறைகள் மூச்சை அடக்கியே இறங்கினார்கள். ஒரு மூச்சுக் காற்றில் உடல் ஏற்கும் நைட்ரஜன் குறைவு என்பதால் இந்த நோய் அவர்களைப் பெரும்பாலும் தொடவில்லை. கம்ப்ரசரிலிருந்து ரப்பர் குழாய் வழியே காற்றை வாங்கிச் சங்கு குளிக்கும் தூத்துக்குடிக் கடலிலும், சிலிண்டர் கட்டிக் கடலட்டை எடுக்கும் வட இலங்கைக் கடலிலும் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. அங்கே இறங்குபவர் பெரும்பாலும் 1870இன் செயின்ட் லூயிஸ் தொழிலாளியின் நிலையில் இருக்கிறார்: அழுத்தக் காற்று வந்துவிட்டது, நிறுத்தம் வரவில்லை. அவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும், அருகில் அழுத்த அறை வேண்டும் என்று சொல்வது சரிதான். ஆனால் அவற்றுக்கெல்லாம் முன்னதாக, கால் விளங்காமல் கரைசேர்ந்த ஒவ்வொருவரையும், எந்த ஆழம், எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்ற விவரத்தோடு மீன்வளத் துறையும் மருத்துவமனைகளும் பதிவுசெய்ய வேண்டும். ஆடுகளை எண்ணியதால் ஒரு கடற்படைக்கு அட்டவணை கிடைத்தது. மீனவர்களை எண்ணும்வரை அவர்கள் கடலுக்கு ஏற்ற அட்டவணையை எவராலும் எழுத முடியாது.